பழைய கார் வாங்கும்போது எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி இதுதான்: 1960களில் வந்த கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புது பெயின்ட், பளபளக்கும் குரோம், சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பணம் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

புது பெயின்டும் உடனே ஸ்டார்ட் ஆகும் எஞ்சினும் விற்பவர் காட்ட நினைப்பவை. வாங்குபவர் பார்க்கும் வரிசை வேறாக இருக்க வேண்டும். எது கெட்டிருந்தால் செலவு கையை அதிகம் கடிக்குமோ அதை முதலில் பாருங்கள். பழைய காரில் முதலிடம் பாடித் தகரத்துக்கு. அடுத்தது அந்த மாடலுக்கே உரிய, கடையில் கிடைக்காத சாமான்கள். பிறகு ஆவணங்கள். அதற்கப்புறம்தான் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், வயரிங் எல்லாம். எஞ்சினை இறக்கி ரிங், பேரிங், வால்வு மாற்ற எத்தனை நாள் ஆகும், என்னென்ன சாமான் வேண்டும் என்று நல்ல மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிடுவார். துருப்பிடித்த தகரத்தை வெட்ட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எந்த டிங்கராலும் சொல்ல முடியாது.

போகும் முன் விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கையோடு நல்ல வெளிச்சமுள்ள டார்ச், மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், கைக்கண்ணாடி, வோல்ட் பார்க்க மல்டிமீட்டர், சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, அழுக்கானாலும் பரவாயில்லை என்ற உடுப்பு இவ்வளவும் இருக்கட்டும். பகலில் போங்கள். கார் நனைந்திருந்தால் காயும்வரை காத்திருங்கள். ஈரம் பட்ட பெயின்டில் எந்தக் குறையும் தெரியாது.

முதலில் தகரம். பழைய கார்களில் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வரும். கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கதவின் அடியிலும் பாடியின் பெட்டிப் பகுதிகளிலும் அந்தத் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் ஓட்டைகளை மண் அடைத்துக்கொள்கிறது. தேங்கிய ஈரம் பல வருடம் தகரத்தைத் தின்ற பிறகே வெளியில் பெயின்ட் கொப்புளம் கட்டும். ஆகவே நகத்தளவு கொப்புளம் தெரிந்தால், அதற்குப் பின்னால் உள்ளங்கையளவு போயிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற பெட்டிப் பகுதி, அதன் இரு முனைகள், ஜாக்கி வைக்கும் இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட், முன் கதவுக் கீல் இருக்கும் தூணின் அடிப்பகுதி, மட்கார்டின் உள்பக்கம், முன் பின் கண்ணாடிகளின் கீழ் மூலைகள், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, ஆசிட் சிந்தி அரிக்கும் பேட்டரி தட்டு. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க விடவில்லை என்றால் அதுவே ஒரு பதில். தூக்கியதும் தரைத் தகரத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். நல்ல தகரம் அசையாது, கெட்டது நொறநொறவென்று சத்தம் போடும்.

அடுத்து காந்தம். துணி சுற்றிய காந்தத்தைப் பெயின்ட் மேல் மெதுவாக நகர்த்துங்கள். பிடி திடீரென்று தளர்கிற இடத்தில் பெயின்டுக்கு அடியில், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி இருக்கிறது. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவு. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான் இருக்கும். மறுபடி அடித்திருந்தால் 200, 300 என்று போகும். 500ஐத் தாண்டினால் பட்டியோ, பழசைச் சுரண்டாமல் அடுக்கடுக்காக அடித்த பெயின்டோ உள்ளே இருக்கிறது. 60 வயதுக் காரில் ஓரிரு இடத்தில் மெல்லிய பட்டி இருப்பது குற்றமில்லை. சில்லிலும் தூணின் அடியிலும் பட்டி இருந்தால்தான் தப்பு. காரின் பாரம் தாங்கும் இடத்தில் பட்டிக்கு வேலையே இல்லை. லேண்ட் ரோவர் போல அலுமினியப் பாடி உள்ளதில் காந்தம் ஒட்டாது. அதில் அடியிலிருந்து பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸியைத்தான் சோதிக்க வேண்டும்.

இனி கதவுச் சோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். கதவை மூடி, அதன் பின்விளிம்பு இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். ஒரே அகலத்தில் இறங்க வேண்டும். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கலாம், அல்லது கீல் தேய்ந்து கதவு இறங்கியிருக்கலாம். எது என்று பிரிக்க, கதவைத் திறந்து அதன் பின்முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். லொடலொடவென்று ஆடினால் கீல் பின், மாற்றிவிடலாம். கீல் இறுக்கமாக இருந்தும் இடைவெளி கோணலாக இருந்தால், தனிச் சேஸி இல்லாத காராக இருக்கும் பட்சத்தில் ஜாக்கியை எடுங்கள். அதற்குரிய இடத்தில் வைத்துச் சக்கரம் தரையை விடும்வரை மெதுவாக ஏற்றி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பலமுள்ள பாடியில் கதவு முன்போலவே சாத்தும். சில் உளுத்த காரில் இடைவெளி மாறி, கதவு பூட்டில் இடிக்கும், சிலசமயம் திறக்கவே வராது. ஜாக்கி ஏறும்போதே தகரம் நெரிபடும் சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள், அதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை. மேற்கூரை இல்லாத கார்களில் இந்தச் சோதனையை விடவே கூடாது. கூரை தாங்க வேண்டிய பாரத்தையும் அங்கே சில்லும் தரையுமே சுமக்கின்றன.

மாடலுக்கு மாடல் நோய் வேறு. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யின் சில் பல தகடுகள் சேர்ந்த பெட்டி. உள்தகடு உளுத்திருக்க வெளித்தகட்டை மட்டும் புதிதாக வைத்து மூடுவது பழைய தந்திரம். அந்தக்கால மினியில் பாடி நன்றாகத் தெரிந்தாலும் பின்சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேம் என்ற சட்டம் அரித்துப் போயிருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி அந்தத் தரையையும், இரு பக்கமும் ஓடும் ஹீட்டர் குழாய்ப் பெட்டிகளையும் பாருங்கள். சிட்ரோயன் டி.எஸ். என்றால் ஹைட்ராலிக் திரவத்தின் நிறத்தைக் கேளுங்கள். ஆரம்ப காலக் கார்களுக்குச் சிவப்பு, பிற்காலத்துக்குப் பச்சை. மாற்றி ஊற்றினால் சீல்கள் மொத்தமும் கெடும்.

அடிப்பாகத்தில் தார் பூசியதுபோல் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். நல்ல தகரத்தை யாரும் விற்பதற்கு முந்தின வாரம் மூடி மறைப்பதில்லை. விபத்துச் சந்தேகம் இருந்தால் அடியில் முன் இடதிலிருந்து பின் வலதுக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான போல்ட்டுகளை அடையாளம் வைத்து டேப்பால் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. சென்டிமீட்டர் கணக்கில் போனால் சேஸி வளைந்திருக்கிறது.

தகரம் தேறிவிட்டது என்றால் சாமான்கள். பம்பர் இரும்பு, அதற்கு மறுபடி குரோம் ஏற்றலாம். கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், பெயர்ச் சின்னம் போன்றவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் அரிப்பு வார்ப்புக்குள்ளேயே போய்விட்டது. தேய்த்து மெருகேற்றினால் வடிவமே கரையும். வளைந்த முன்கண்ணாடி, மீட்டர் போர்டு, ஜன்னல் பீடிங், குறிப்பிட்ட அந்த வருடத்துக்கு மட்டும் வந்த கிரில் ஆகியவை இருக்கின்றனவா, முழுசாக இருக்கின்றனவா என்று பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் சாமான்கள் பல மாடல்களுக்குப் பொதுவாக இருப்பதால் தேடினால் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட பின்விளக்குக் கண்ணாடிக்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. "எல்லாம் கழற்றிப் பெட்டியில் இருக்கிறது, மாட்டினால் போதும்" என்று சொல்லும் காரில் குறைந்தது நாலு சாமான் பெட்டியில் இருக்காது.

ஆவணத்தில் உள்ள சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் உலோகத்தில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இலக்க எண் 1981 வாக்கில்தான் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி முறை, எண் குட்டையாக இருப்பதில் தப்பில்லை. எண் அடித்த இடத்தைச் சுற்றி கிரைண்டர் கீறல், எழுத்துகளில் ஏற்ற இறக்கம், பழைய தகட்டில் மட்டும் மின்னும் புது ரிவெட் இருந்தால் நின்று யோசியுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது குற்றமல்ல. பதிவில் ஏறாமல் மாற்றப்பட்டிருந்தால் தலைவலி உங்களுடையது, விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். ஓடோமீட்டரை நம்பாதீர்கள். ஐந்து இலக்கம் மட்டும் உள்ள மீட்டர் 99,999க்கு அப்புறம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிரேக் பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டின் தொய்வும் சொல்வது அதைவிட உண்மை.

இப்போது எஞ்சின். பானெட்டைத் திறந்ததும் சிலிண்டர் பிளாக்கில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருமுன் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். ஆறியதும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் எஞ்சினை அப்படித்தான் மறைப்பார்கள். சூடாக இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஆறியிருந்தால் திறந்து பாருங்கள், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலமோ, ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் ஆடைபோல் வெண்கூழோ இருக்கிறதா என்று. குறைந்த தூரமே ஓடும் காரில் மூடியில் மட்டும் கொஞ்சம் கூழ் படிவது உண்டு. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே இருந்தால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல்.

ஸ்டார்ட் செய்யும்போது விற்பவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். முதல் நொடியில் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, அவசரமில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தால் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு. எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப்புகை, அதில் ஒரு தித்திப்பு வாசனை என்றால் கூலன்ட் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் கார்புரேட்டரைச் சரிசெய்தால் அடங்கும்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃபில் ஐந்தாறு சுற்று விடுங்கள். அந்தக் காலச் சாதாரண எஞ்சின்களில் 120 முதல் 170 பி.எஸ்.ஐ.க்குள் வரும். எண்ணைவிட முக்கியம் சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம். 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது.

ஆயில் பிரஷர் மீட்டர் இருந்தால் எஞ்சின் நன்கு சூடானபின் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் (ஆர்.பி.எம்.) 10 பி.எஸ்.ஐ. என்பது பொதுக் கணக்கு. மேலே கேட்கும் டிக்டிக், வால்வைத் தள்ளும் டாப்பெட், அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் போதும். அடியிலிருந்து கனமாக டொக்டொக் என்று பாரம் ஏறும்போது கேட்டால் பேரிங், எஞ்சின் இறங்கியே ஆக வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் முன்பின் அசைவையும் விடாதீர்கள். பீட்டிலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்னால் உள்ள கிராங்க் புல்லியைப் பிடித்து இழுத்துத் தள்ளுங்கள். அங்கே அனுமதித்த உச்ச அளவே 0.15 மில்லிமீட்டர். கையில் 'டக்' என்று உணரும்படி ஆடினால் எஞ்சின் கேஸ் வேலை காத்திருக்கிறது. பிரிட்டிஷ் டிரையம்ஃப் கார்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்புல்லியைக் கவனிக்கலாம். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே வந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று கீழே விழுந்தபின்னும் ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அறுக்கும்.

ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின்களில் இன்னொரு விஷயம். வால்வு வந்து உட்காரும் சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஈயமில்லாத பெட்ரோலில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் மென்மையான வார்ப்பிரும்பு சீட் உள்வாங்கி, டாப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். ஹெட்டில் கடின சீட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். போடாவிட்டாலும் வாங்கலாம், ஹெட் எப்போது இறங்குகிறதோ அப்போது செய்துகொள்ளலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும். பானெட்டுக்குள் பெட்ரோல் வாசனை அடித்தால் ஓட்டிப் பார்க்கும் முன்பே ஹோஸைப் பாருங்கள், தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து உள்வெளியாக அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் மூட்டான கிங்பின் அல்லது பால் ஜாயின்ட். இடதும் வலதும் பிடித்து அசைத்தால் ஸ்டீயரிங் மூட்டுகள் தெரியும். பழைய ஸ்டீயரிங் பாக்ஸில் கொஞ்சம் ப்ளே இருக்கத்தான் செய்யும். ஸ்டீயரிங் விளிம்பு இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் சும்மா சுற்றினால் வேலை இருக்கிறது.

பிரேக் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியில் கசிவும் இல்லை என்றால், பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ஒரே பிரேக் சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். ஆகவே ரப்பர் ஹோஸை மடித்துப் பார்த்து, மேலே வெடிப்பு தெரிந்தால் ஓட்டிப் பார்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். டயரில் DOT (டாட்) என்ற எழுத்துகளுக்குப் பின் வருவதில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். 2319 என்றால் 2019ன் 23வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தையது. மேலே பூ (வெட்டுக் கோடுகள்) எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரை விலையில் கழித்துவிடுங்கள்.

வயரிங்கில் துணி சுற்றிய பழைய வயரை மடக்கிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் முழுசும் மாற்ற வேண்டும். எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட்டும், 2,000 ஆர்.பி.எம்.மில் 14 வோல்ட் ஒட்டியும் காட்ட வேண்டும். 6 வோல்ட் கார் என்றால் பாதியாகக் கணக்கிடுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ உள்ள காரில் எஞ்சின் ஐடிலில் (நின்றபடி மெதுவாக) ஓடும்போது சார்ஜ் விளக்கு மங்கலாக எரிவது சகஜம். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அதைப் பார்க்காமல் வேறு காரிலிருந்து கேபிள் போட்டுவிடாதீர்கள்.

ஓட்டும்போது குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள், ரேடியோ இருந்தால் அணைத்துவிட்டு. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கறகறத்தால், கியர்களை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது, அதோடு பல வருடம் ஓட்டலாம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போது கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் அடியில் 'டங்' என்று ஒரு அடி விழுந்தால் அடியில் சுழலும் தண்டின் மூட்டான கிராஸ் தேய்மானம், சின்ன வேலை. வேகத்துக்கேற்ப ஊளையிடும் கிரவுன் (பின் அச்சிலுள்ள பெரிய பல்சக்கரம்) சின்ன வேலையல்ல.

திரும்பி வந்ததும் எஞ்சினை அணைத்து, காருக்கு அடியில் பெரிய வெள்ளை அட்டையை விரித்துவிட்டுக் கால் மணி நேரம் விற்பவரோடு பேசிக்கொண்டிருங்கள். முதலில் சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், பெட்ரோல் கொதித்துக் கார்புரேட்டர் அடைக்கும் கார் அப்போது மாட்டிக்கொள்ளும். பிறகு அட்டையை உருவிப் பாருங்கள். கறுப்பாகச் சில சொட்டு எஞ்சின் ஆயில் இருந்தால் பழைய காருக்கு அது சகஜம். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையாகவோ தித்திப்பு வாசனையோடோ இருந்தால் கூலன்ட், எங்கிருந்து என்று தேடுங்கள். சக்கரத்துக்கு நேர் கீழே நிறமில்லாமல், விரலில் வழவழவென்று ஒட்டுகிற ஈரம் இருந்தால் அது பிரேக் திரவம். விலை படிந்தாலும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.